எண்ணெய் பூசாத இரும்பு

கண்ணு,

நீ பட்டென்று போனை வைத்த பிறகு நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வகுப்பெடுக்கிற மாதிரி பேசிக்கொண்டே போயிருப்பேன். நீயும் எறணாகுளத்தில் ஆபீஸ் வராந்தாவில் நின்றுகொண்டு "சரிம்மா, சரிம்மா" என்று காதை மட்டும் கொடுத்திருப்பாய். கடிதம் என்றால் கோபம் வருகிற இடத்தில் கீழே வைத்துவிட்டுப் போகலாம், தணிந்த பிறகு அதே வரியிலிருந்து எடுத்துப் படிக்கலாம். நீ கேட்க விரும்பாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசியில் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில், பெண் வீட்டில், கல்யாணம் முடிந்ததும், மாலையும் கழுத்துமாகக் கவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாம் இருவரும் சரிசெய்த பியட் காரில் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, அவள் குலசாமி கோயிலுக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். அந்தக் கார் வராது. இப்போது கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வை. நான் காத்திருக்கிறேன்.

அந்த வண்டி உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமல் நான் இதை எழுதவில்லை. நான் ஓய்வு பெற்ற வருஷம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் வியாபாரியின் தொட்டியோரம் அது கிடந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் அப்பா மாந்தோப்பிலிருந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழிக்கூட்டைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்த மொத ஆளு நம்ம டீச்சர்தானுங்க" என்று லாரிக்காரரிடம் சொன்னார். நீ அன்று சிரிக்கவில்லை. பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, "எஞ்சின் முழுசா இருக்கும்மா" என்றாய். அவ்வளவுதான், அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டோம். ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நெம்புகோல், பம்பு, திரவ அழுத்தம், உராய்வு என்று முப்பது வருஷம் சாக்பீஸில் வரைந்து காட்டியவள் நான். அதில் ஒன்றையாவது கையால் பிரித்துப் பூட்டிப் பார்க்காமல் போய்விடக்கூடாது என்று ஒரு பிடிவாதம் இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வருவாய். நான் வாரம் முழுவதும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஊறுகாய் பாட்டில்களில் போட்டு வைத்த நட்டுகளுக்கு நீ பெயர் கேட்பாய். வால்வைப் பசை தடவி, அது பொருந்தி உட்காருகிற இடத்தில் தேய்த்தது நினைவிருக்கிறதா? "எத்தனை நேரம்மா தேய்க்கறது?" என்று கேட்டாய். சத்தம் மாறுகிறவரை என்றேன். கரகரவென்றிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுத் துணியை இழுப்பது போல மாறியது. நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். நீ பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணை நான் மறந்துவிட்டேன், அந்தப் பார்வையை மறக்கவில்லை. வண்டிக்கு வடுமாங்காயின் வெளிர்பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் நீதான். அந்தப் பச்சையில் கவிதாவின் கூறைப்புடவை எப்படியிருக்கும் என்று நானும் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். ஆகவே வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது என்று நினைக்காதே.

பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் போனில் சொன்னேன். நடந்ததை முழுவதும் சொல்லவில்லை. மார்கழியில் நான்கு பிரேக் டிரம்மையும் பூட்டினேன். நீ லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவந்த அதே டிரம்கள். சாக்கில் சுற்றி வைத்திருந்தேன், பிரித்தபோது பளபளவென்றிருந்தன. கடைந்த பளபளப்பு என்று நினைத்தேன். தை பிறந்து தோப்பில் முதல் காய் பறிக்க ஆரம்பித்த நேரம், வண்டியை எடுத்துக்கொண்டு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு முதலமடை ரோட்டில் போனேன். வேகமில்லை, இரண்டாவது கியர்தான். நம் தோப்பைத் தாண்டி, காய் தரம் பிரிக்கிற கொட்டகைப் பக்கம் ரோடு கொஞ்சம் இறங்குமே, அங்கே மெல்ல பிரேக்கை மிதித்தபடியே இறக்கினேன். நல்ல மணம் வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சி, "ஏனுங்க டீச்சரே, யாரோ நேந்திரங்காய் வறுக்கறாங்க, நிறுத்துங்க, சூடா வாங்கிட்டுப் போலாம்" என்றார். எனக்கும் சிரிப்பு. கொட்டகைக்காரர்கள்தான் வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். நிறுத்துவதற்காக அழுத்தி மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. பெடல் கல்லைப் போல உறுதியாக இருந்தது, ஆனால் கீழே எதுவும் பிடிக்கவில்லை. கைபிரேக்கை இழுத்தேன். அதுவும் பின்சக்கரத்து டிரம்மைத்தான் பிடிக்கவேண்டும், பிடிக்கவில்லை. முதல் கியருக்கு மாற்றினேன். அதற்குள் கொட்டகை வாசல் வந்துவிட்டது. காலி மாங்காய்ப் பெட்டிகளின் அடுக்கில் மோதி, நான்கைந்தை நொறுக்கி, அதன் மேல் ஏறி வண்டி அணைந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கோணிச்சாக்கு விரித்திருந்தது, அதன் மேல் பாதி பிரித்த காய்கள். ராசாத்தி அங்கேதான் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் போட வைக்கோல் தீர்ந்ததால் எடுத்துவர உள்ளே போயிருக்கிறாள். வைக்கோலை அணைத்தபடி வந்தவள் சாக்கையும் சக்கரத்தையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். "எங்களையெல்லாம் ஒத்தை வார்த்தையில பெஞ்சு மேல நிக்க வெப்பீங்களே, உங்க வண்டியை நிக்க வெக்க முடியலீங்களா டீச்சர்?" என்றாள். கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வைக்கோலை அவள் கீழே போடவில்லை, கண்ணு. வெகுநேரம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மை இழுத்ததும் அந்த மணம் மறுபடி முகத்தில் அடித்தது. தேங்காய் எண்ணெய். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற லைனிங் முழுவதும் அதைக் குடித்துக் கறுத்திருந்தது. நான்கும் அப்படியே. நான் அப்பாவிடம் கத்தினேன்: "யாருங்க இதுக்குள்ள எண்ணெய் தேச்சது?" அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "நீதான் தேச்சே" என்றார். கிண்டலுக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறவர் அன்று போடவில்லை.

வைகாசிக் கடைசியில் எடவப்பாதி என்கிற பருவமழை இறங்குவதற்கு முன் நம் வீட்டில் இரும்பு சாமான் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி எண்ணெய் பூசுவது உனக்குத் தெரியும். மண்வெட்டி, ஏர்க்கொழு, கடப்பாரை, அரிவாள், கிணற்று ராட்டினத்துக் கம்பி எல்லாம். ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க நான் இந்த வீட்டுக்கு வாழவந்த வருஷத்திலிருந்து செய்கிற வேலை. போன வைகாசியில் கொட்டிலை ஒழித்தபோது டிரம்களும் வெளியே வந்து அந்த வரிசையில் இருந்திருக்கின்றன. கிண்ணமும் துணியுமாக ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைவரை போயிருக்கிறேன். மண்வெட்டிக்குப் பிறகு டிரம், டிரம்முக்குப் பிறகு கடப்பாரை. உள்புறம் வெளிப்புறம் இரண்டும் நன்றாகத் தேய்த்திருக்கிறேன். நான் செய்கிற வேலையில் ஓரம் விட்டுப் போகாது, உனக்கே தெரியும்.

எனக்கு அது நினைவில் இல்லை. இதுதான் நான் போனில் சொல்லாதது. மண்வெட்டிக்குத் தேய்த்தது நினைவிருக்கிறது, மழை மேகம் நினைவிருக்கிறது, டிரம் இல்லை. பயப்படாதே. அடுப்பை அணைக்க மறப்பதில்லை, பழைய மாணவர்களின் இனிஷியல்கூட மறக்கவில்லை. மறதியைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. உராய்வுப் பாடத்தில் நான் வருஷாவருஷம் கேட்கிற முதல் கேள்வி, "இரண்டு பரப்புக்கு நடுவில் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்?" முழு வகுப்பும் "வழுக்கும் டீச்சர்!" என்று கத்தும். உதாரணத்துக்கு நான் சொல்வது வண்டி பிரேக்கைத்தான். பாடம் தலையில் இருந்தது. கை அதைக் கேட்காமல் முப்பது வருஷப் பழக்கத்தில் தன் போக்கில் போய்விட்டது. அப்படிப் போன கை வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த நட்டை முறுக்கினேன், எதை முறுக்கியதாக நினைத்துக்கொண்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. "தொடச்சுட்டு மாட்டினா முடிஞ்சுதும்மா, ஊர் பூராச் சொல்லியாச்சு" என்றாய். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துக் காயவைக்க முடியாது, புதிதாக ஒட்டவேண்டும். ஒட்டினாலும் அது டிரம்மோடு தேய்ந்து ஒத்துப்போகச் சமதளத்தில் பல நாள் ஓட்டவேண்டும். இங்கே பிடிக்காமல் போனால் மாங்காய்ப் பெட்டி இருந்தது. போடிமெட்டில் ஒரு வளைவில் பிடிக்காமல் போனால் அடுத்தது வெறும் காற்றுதான். அந்த இறக்கத்தில் என் மகனையும், நம்மை நம்பி வருகிற ஒரு பெண்ணையும் எனக்கே நிச்சயமில்லாத என் கைவேலையின் மேல் உட்காரவைக்க மாட்டேன்.

இவ்வளவும் காரைப் பற்றி. இனி உனக்குச் சொல்லவேண்டியது. அன்று முற்றத்தில் நான் அப்பாவிடம் கேட்டேன், "நான் தேய்க்கறதைப் பாத்துட்டா இருந்தீங்க?" "கட்டில்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்." "அப்பறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" அவர் சொன்னார்: "பிரேக்குக்குள்ள எண்ணெய் போடலாமான்னு எனக்கும் ஒரு ரோசனை வந்துச்சு. டீச்சருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு உட்டுட்டேன்." அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில் அவர் எதையாவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, விளக்கம் சொல்வேன். மோட்டார் ஏன் காற்று இழுக்கிறது என்று கேட்டால் வெற்றிடம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். வந்த விருந்தாளி முன்னால்கூட ஆரம்பித்திருக்கிறேன். அவர் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். நான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கும் அதே கதைதானே? நீ ஏழாவதில் என் வகுப்பில் இருந்தபோது மின்சுற்று வரைந்தேன். பேட்டரியின் இரண்டு முனைகளையும் மாற்றிக் குறித்துவிட்டேன். நாற்பது பிள்ளைகள் அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டு போனீர்கள். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாய், "எங்களுக்கெல்லாம் அன்னைக்கே தெரியும்மா. யார் எந்திரிச்சுக் கேக்கறது?" அன்று அதை நல்ல நகைச்சுவை என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இப்போது ராசாத்தியின் கோணிச்சாக்கு கண்ணில் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை. என்னை மதித்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்காமல் இருந்தார்கள். அந்த மதிப்பை நான்தான் அப்படிச் செய்துவைத்தேன். நீ என்னைப் போல இருக்கிறாய், கண்ணு. முகம் மட்டும் இல்லை. போனில் நீ கவிதாவுக்கு ஏதோ விளக்குகிற குரலைக் கேட்டிருக்கிறேன், அது என் குரல்.

நீ போனை வைத்த மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். நீ அனுப்பித்தான் பேசுகிறாள் என்று முதலில் நினைத்தேன், இல்லை. "அத்தை, அவுக ஒண்ணும் பேச மாட்டேங்காக, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக. கார் வரலேன்னா கல்யாணம் நின்னா போவுது? எங்கப்பா எங்கம்மாவக் கட்டிக்கிட்டு எஸ்டேட் டிராக்டர்ல, கொழுந்து மூட்டை மேல உக்கார வச்சுல்ல கூட்டியாந்தாராம். இன்னைக்கு வரைக்கும் எங்கம்மா அதச் சொல்லிச் சொல்லியே காரியம் சாதிக்குது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு குரலைக் குறைத்து, "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே? பிரேக்கு பிடிக்கலேன்னு உங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே ஏன் அத்தை எங்ககிட்டச் சொல்லல?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் நாள் கடத்தியது உண்மை. வெட்கத்தில் கடத்தினேன். யாரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டுப் பழக்கமில்லாததால் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், பாதியில் விட்டேன். "வெட்கமா இருந்துச்சும்மா" என்றேன். "அப்ப சரி அத்தை" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வரியில் முடிந்த அந்தப் பேச்சு, பல வருஷமாக இந்த வீட்டுக்குள் வராமல் இருந்த ஒன்று உள்ளே வந்தது போலிருந்தது. நீ பெண் பார்த்து வந்து அவள் படிப்பையும், சுற்றுலா விடுதியில் அவள் பார்க்கிற வேலையையும் பற்றிச் சொன்னாய். இதைச் சொல்லவில்லை. உனக்கே இன்னும் தெரியாதோ என்னவோ. அவள் கேட்பாள். நீ பாதி வேலையில் இருக்கும்போது கேட்பாள், நாலு பேர் முன்னால் கேட்பாள். அப்போது நீ வெற்றிடத்திலிருந்து ஆரம்பிக்காதே. கையில் இருப்பதைக் கீழே வைத்து, அவள் காட்டுகிற இடத்தை ஒரு முறை பார். பெரும்பாலும் நீ செய்ததே சரியாக இருக்கும். அப்படி இருந்தாலும் பார். உன் கை எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாத ஒரு நாள் வரும். எனக்கு வந்துவிட்டது. அன்று பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கவேண்டுமானால், அதற்கு முந்திய நாட்களில் நீ திரும்பிப் பார்த்திருக்கவேண்டும். அவள் விஷயத்தில் நீயும் அப்படியே. அவள் எதையோ தவறாகச் செய்கிறாள் என்று தோன்றினால், அவளுக்குத் தெரியாததா என்று கட்டிலில் உட்கார்ந்திருக்காதே. மரியாதை கெட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடு.

வண்டியைக் கல்லடுக்கி நிறுத்தியிருக்கிறேன். எஞ்சின், கியர், ஒயரிங் எல்லாம் முடிந்தது. ஆனால் நான் முடித்தேன் என்பதற்காக நம்பாதே. ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானர் வைத்துப் பார். ஓட வைக்கிற வேலை என்னுடையதாக இருக்கட்டும், நிற்க வைக்கிற வேலையை நீ செய். கல்யாணத்துக்கு நானும் அப்பாவும் பஸ்ஸில் வருகிறோம், வளைவுகளில் ஜன்னலோரம் அவருக்கு. நீங்கள் இருவரும் விருந்தெல்லாம் முடிந்து இங்கே வந்தபின் அதை நிதானமாகச் செய். கவிதாவையும் கூட வைத்துக்கொள். அவளே ஓட்டக் கற்றுக்கொண்டு போடிமெட்டில் ஏற்றினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நான்கு டிரம்களையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்று காலை பனியில் லேசாகச் சிவந்திருந்தன. நீ வருவதற்குள் இன்னும் கொஞ்சம் சிவக்கும், உப்புத்தாளால் ஒரு தேய்ப்பில் போய்விடும். ஆனால் இரும்பு என் கண்ணெதிரே துருவேற நான் பார்த்துக்கொண்டு நின்றதேயில்லை. விரல்கள் பரபரத்தன. எண்ணெய்க் கிண்ணம் சன்னலில்தான் இருந்தது. எடுக்காமல் நின்றேன். தோப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அப்பா படியில் நின்று என்னைப் பார்த்தார், டிரம்களைப் பார்த்தார். செருப்பைப் பாதி மாட்டிய காலோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க டீச்சரே, துரு ஏறுதே. தெரிஞ்சுதான் உட்டிருக்கீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அம்மா